பத்துக்குப் பத்து அறைக்கு ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன, விலை இருந்தது, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் இதையெல்லாம் எந்த அளவு அறையில் வைக்கப் போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. அறையின் அளவைச் சொல்லாமல் ஸ்பீக்கரைப் பரிந்துரைப்பது படிப்பவரின் பணத்தை வீணடிக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நம் ஊர் வீடுகளில் பாட்டுக் கேட்க ஒருவருக்குக் கிடைக்கும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து, அதிர்ஷ்டம் இருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு. உயரமும் கிட்டத்தட்ட பத்தடிதான். நான்கு பக்கமும் சிமென்ட் பூசின செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, ஒரு மேசை, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறி. கடைக்காரரும் சரி, யூட்யூபில் பேசுபவரும் சரி, இந்த அறையை மனதில் வைத்துப் பேசுவதில்லை. அமெரிக்காவில் எழுதப்படும் விமர்சனங்கள் பலவும் ஜிப்சம் பலகைச் சுவரும் தரை விரிப்பும் உள்ள அறைகளில் கேட்டு எழுதப்பட்டவை. அந்தப் பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து கொடுத்து, பேஸ் எனப்படும் கீழ்க்குரல் ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும், இன்னொரு பங்கு வெளியே போய்விடும். நம் செங்கல் சுவர் அப்படிக் கொடுக்காது. போன பேஸில் பெரும்பகுதி திரும்பி வரும். அங்கே பேஸ் போதவில்லை என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் இங்கே சரியாக இருப்பதும், அங்கே அளவாக இருக்கிறது என்று புகழப்பட்டது இங்கே தொம் தொம் என்று அடிப்பதும் இதனால்தான்.

இதற்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. எதிரெதிரே இரண்டு சுவர்கள் இருந்தால், அவற்றுக்கு இடையே பாதி அலை கச்சிதமாகப் பொருந்துகிற ஒலியும் அதன் மடங்குகளும் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். 349ஐ இதன் இரட்டிப்பால் வகுத்தால் சுமார் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு, வரும். அறை பன்னிரண்டடி நீளம் என்றால் அந்தத் திசையில் 48 வரும். இப்போது பாருங்கள், நீளம் பத்து, அகலம் பத்து, உயரம் பத்து என்று இருக்கிற அறையில் மூன்று திசையிலும் அதே 57. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது, நாம் கட்டி வைத்திருப்பதோ பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். அதற்காக வீட்டை இடிக்கவா முடியும்? ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்தால் போதும்.

இந்த 57 ஹெர்ட்ஸ் அறையின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்காது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் வயிற்றில் வந்து இடிக்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமலே போய்விடும். அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸ் நேர்மாறு, நடுவில் உட்கார்ந்தாலும் ஓங்கி நிற்கும். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் பாடகர் கீழே இறங்கி மந்தர நிஷாதத்தைத் தொடும்போது, சரியாக அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறார். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் திடீரென்று வீங்கினால் பாடகர் மேல் பிழை இல்லை, ஸ்பீக்கர் மேலும் பிழை இல்லாமல் இருக்கலாம். நீங்கள் நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே மாறிவிடும். புது ஸ்பீக்கர் வாங்கலாமா என்று கேட்டு வருகிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். பத்தடி அறையில் பின்சுவரிலிருந்து நாலடி அளவில் காது இருப்பது பெரும்பாலும் நல்ல இடம்.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்ச வாட்டிலேயே சத்தம் நிறைய வர வேண்டும் என்று மூன்றையும் கேட்டால் இயற்கை கொடுக்காது. இரண்டைத்தான் கொடுக்கும். இதை ஹாஃப்மன் விதி என்று சொல்வார்கள். சின்ன அறைக்கு இதில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தால், சத்தத்தைத்தான். நாம் ஐந்தடி, ஆறடி தள்ளித்தான் உட்காரப் போகிறோம், கல்யாண மண்டபத்துக்கு வாசிக்கப் போவதில்லை. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் செய்தது இதுதான். அதற்கு முன்பு நல்ல பேஸ் வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். அவர் பெட்டியை முழுக்க மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, அலமாரித் தட்டில் வைக்கிற அளவு பெட்டியிலிருந்து ஆழமான பேஸை வரவழைத்தார். அதற்கு விலையாக ஆம்ப்ளிஃபையர் கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. இன்று நாம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று வாங்குகிற வகைக்கே அவர் செய்த வேலைதான் அடிப்படை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. பெயர் எல்எஸ் 3/5ஏ. வண்டிக்குள் இடமே கிடையாது, பெரிய பெட்டி வைக்க முடியாது, ஆனால் பேசுபவரின் குரல் குரலாகவே கேட்க வேண்டும், அதுதான் தேவை. சுமார் முப்பது சென்டிமீட்டர் உயரம், ஐந்து லிட்டர் அளவு, முழுக்க மூடிய பெட்டி, கீழ்க்குரலுக்குக் கெஃப் நிறுவனத்தின் ஐந்தங்குல ஊஃபர் ஒன்று, மேல்குரலுக்குச் சின்ன ட்வீட்டர் ஒன்று. வாட்டைத் தின்னும், பேஸ் கீழே இறங்காது, சத்தமும் பெரிதாக வராது. ஆனால் மனிதக் குரலை அது கொடுத்த விதத்துக்காக இத்தனை ஆண்டு கழித்தும் உரிமம் வாங்கி அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஜனங்களும் தேடிப் போய் வாங்குகிறார்கள். நான் அதை வாங்கச் சொல்லவில்லை, விலை மிக அதிகம். ஒரு சின்ன இடத்துக்கு எதை முக்கியம் என்று வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள் என்கிறேன். அந்த வண்டியும் நம் படுக்கையறையும் அளவில் அவ்வளவு தூரம் இல்லை.

நாம் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம், உங்கள் பக்கத்தில் இதையும் யாரும் தொடவில்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை சுருதி என்றால் மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் சுமார் 98. பெண் குரல் ஐந்து கட்டை என்றால் ஸட்ஜமே 196. தம்புராவின் மந்தரத் தந்தி 65க்குப் பக்கத்தில் இறங்கும், ஆனால் தம்புராவின் உயிர் அந்த அடிநாதத்தில் மட்டும் இல்லை, அதிலிருந்து மேலே மேலே கிளம்புகிற இழைகளில் இருக்கிறது. அப்புறம் மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கத் தோல், தவிலின் தொப்பி. அவ்வளவுதான். கச்சேரியின் பெரும்பகுதி 90 ஹெர்ட்ஸுக்கு மேலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதற்கு எதற்கு 30 ஹெர்ட்ஸ் வரை போகிற டவர் ஸ்பீக்கர்? ஐந்தங்குல ஊஃபர் வைத்த ஒரு நல்ல சின்னப் பெட்டி 60 வரை நேர்மையாகப் போனால் தாராளம். சினிமாப் பாட்டு என்றால் கணக்குக் கொஞ்சம் மாறும். எண்பதுகளிலிருந்து பேஸ் கிட்டார் நம் பாட்டுகளில் தனியாகவே ஒரு ராஜாங்கம் நடத்துகிறது, அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அதன் இரட்டிப்பான 82 சுத்தமாகக் கேட்டால் மீதியை நம் மூளையே நிரப்பிக்கொள்ளும், கூடவே நம் சுவரும் கொஞ்சம் உதவும். பழைய கச்சேரிப் பதிவுகள் பல மோனோ, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி, என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை வைத்தால் பாடகர் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், காற்றில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் இரண்டு பெட்டியும் ஜோடி சேரவில்லை, அல்லது ஒன்றில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. இந்த ஒயர் விஷயத்தைப் பாதிப்பேர் பார்ப்பதே இல்லை. ஒரு பக்கம் மாறியிருந்தால் பேஸும் போய்விடும், குரலும் அறை முழுக்கச் சிதறிவிடும்.

கடையில் போய்க் கேட்கும்போது கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டில் மயங்காதீர்கள். வெடிச்சத்தமும் ஹெலிகாப்டரும் எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும், அதை நேரில் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நமக்கு நேரில் தெரிந்த ஒலியைக் கொண்டுபோக வேண்டும். என்னைக் கேட்டால் மிருதங்கத்தைவிடக் கறாரான பரீட்சை கிடையாது. சாதாரணத் தோல் வாத்தியத்தில் உபநாதங்கள், அதாவது அடிநாதத்தோடு சேர்ந்து எழும் மேல்நாதங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதனால் அதில் சுருதி நிற்காது. நடுவில் கருப்பாகப் பூசியிருக்கிற அந்தக் கரணைதான் மிருதங்கத்தின் உபநாதங்களைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று சர் சி.வி. ராமன் 1920இல் எழுதினார், பிறகு 1935இல் விரிவாகவும் எழுதினார். அவ்வளவு நுணுக்கமான வாத்தியத்தை ஒரு ஸ்பீக்கர் வெறும் டப் டப் என்று கொடுத்தால் அது நமக்கு வேண்டாம். வலந்தலையில் மீட்டும்போது சுருதி காதில் நிற்க வேண்டும், சாப்பு விழும்போது அந்த விளிம்பின் கூர்மை தெரிய வேண்டும். தொப்பியில் கும்கி கொடுக்கும்போது அந்த ஒலி கீழிருந்து மேலே வழுக்கிப் போவது வழுக்கலாகவே கேட்க வேண்டும். அது ஒரே இடத்தில் கும் என்று நின்றுவிட்டால் பெட்டியோ அறையோ தன் சொந்தச் சுருதியைச் சேர்த்துப் பாடுகிறது என்று அர்த்தம். அதன்பின் ஒரு நாகஸ்வரம் போடுங்கள். நல்ல ட்வீட்டரில் அது பிரகாசமாக இருக்கும், மட்டமான ட்வீட்டரில் ஐந்து நிமிடத்தில் காது வலிக்கும். கடைசியாக யாராவது சும்மா பேசுகிற ஒரு பதிவு. குரலில் ஸ, ஷ எல்லாம் விசில் அடித்தால் எழுந்து வந்துவிடலாம்.

வாட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் உங்கள் பக்கத்தில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருப்பார்கள், பலருக்கும் நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு ஒழுங்கான அளவீட்டு முறையே கிடையாது. இன்றும் ஸ்பீக்கர் பெட்டியில் 100 வாட் என்று இருந்தால் அது பெரும்பாலும் அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்பதைச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் போட்டிருக்கும் எண்ணை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம் என்பது அது. சின்ன ஸ்பீக்கர்களில் 84லிருந்து 88 வரை இருக்கும். 85 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு பெட்டியும் பாடினால், பெட்டிக்கு ஒரு வாட்டிலேயே சுமார் 85 டெசிபல் காதில் விழும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொழிலாளர்கள் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்கிற அளவு அது. பத்து வாட் கொடுத்தால் 95. யாருக்கு வேண்டும் அவ்வளவு சத்தம்? முப்பது, நாற்பது வாட் உண்மையாகக் கொடுக்கிற ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இந்த அறைக்குப் போதும், ஓங்கி அடிக்கிற ஒரு தனி ஆவர்த்தனத்துக்கும் மிச்சம் இருக்கும். நாற்பதை எண்பதாக்கினால் கிடைப்பது வெறும் மூன்று டெசிபல், அது காதுக்குச் சின்ன வித்தியாசம். அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் பேஸ் செத்துவிடுகிறது, அதனால் பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். பேஸ் குறைவது உண்மைதான், ஆனால் அது நம் காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள், சத்தம் குறையக் குறைய காது கீழ்க்குரலை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. இதற்கு ஆம்ப்ளிஃபையரில் பேஸ் பொத்தானைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஹை-ஃபை ஆர்வலர்கள் டோன் கன்ட்ரோலைத் தொட்டாலே பாவம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரவு பத்து மணிக்கு, பக்கத்து அறையில் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில், மெதுவாகக் கேட்பவருக்காகவே வைத்த பொத்தான் அது.

பேஸுக்கென்றே தனியாக வைக்கிற சப்-ஊஃபர் பெட்டி பற்றி இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து அறையில் அதைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால், நான் மேலே சொன்ன அந்த 57 ஹெர்ட்ஸை மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறீர்கள். பீரோ கதவு அதிரும், பரணில் இருக்கிற எவர்சில்வர் பாத்திரம் அதிரும், கீழ்வீட்டுக்காரரும் மேல்வீட்டுக்காரரும் அதிர்வார்கள். பேஸ் மட்டும் சுவர் தாண்டிப் போகும், பாட்டு போகாது, அவர்களுக்குக் கிடைப்பது வெறும் இடி. ஃபிளாட்டில் இருப்பவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, காசும் செலவாகாது. ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும், மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். வெளிநாட்டுப் புத்தகங்கள் மூன்றடி முன்னால் இழுத்து வையுங்கள் என்கின்றன. நம் அறையில் மூன்றடி இழுத்தால் கட்டில் எங்கே போவது? அதனால் வாங்கும்போதே, சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் கெட்டுப்போகாத பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். முழுக்க மூடிய பெட்டி முதல் தேர்வு, ஆனால் இப்போது அந்த வகை கடையில் குறைவு. அடுத்தது, பேஸைக் கூட்டுவதற்காகப் பெட்டியில் விடும் காற்றுத் துளை முன்பக்கம் இருப்பது. எலாக் நிறுவனத்தின் டெபூ பி 5.2, பி 6.2 இரண்டும் அப்படிப்பட்டவை, வார்ஃபடேல் டைமண்ட் 12.1, கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020ஐ இரண்டும் பின்பக்கத் துளை உள்ளவை. பின்பக்கத் துளை என்றால் உடனே தள்ளிவிட வேண்டும் என்று இல்லை. கையகலமாவது இடைவெளி விட்டு, தேவைப்பட்டால் ஸ்பாஞ்சால் துளையை அடைத்துவிட்டால் பேஸ் அடங்கிவிடும். சில நிறுவனங்கள் அந்த ஸ்பாஞ்சைப் பெட்டியோடே கொடுக்கின்றன. ஆனால் ஷோகேஸ் தட்டுக்குள் திணித்து, பக்கத்தில் பொம்மையும் கோப்பையும் அடுக்கி வைத்தால் எந்த ஸ்பீக்கரும் உருப்படாது.

உயரமும் பார்க்க வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களுக்கு அது எழுபது, எழுபத்தைந்து சென்டிமீட்டர்தான். கடையில் கிடைக்கிற அறுபது சென்டிமீட்டர் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றினால் ட்வீட்டர் அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். அவர்கள் தங்களுக்கு வேண்டிய உயரத்தை அளந்து பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம், குழாய்க்குள் மணலை நிரப்பிவிட்டால் அசையாது, அதிராது. இரண்டு பெட்டிக்கும் இடையே ஐந்தடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு ஐந்தடி, பெட்டிகளின் முகத்தைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம், வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற நல்ல செம்பு ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர், இந்தத் தூரத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அறையில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். டிங் என்று ஒரு நடுக்கம் பின்னால் வந்தால் அறை வெறுமையாக இருக்கிறது. ஒரு தடிமனான ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பக்கச் சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி, இவை போதும். படுக்கையறையில் கேட்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள், இலவம்பஞ்சு மெத்தையைப் போல மேல்குரல் ஒலியை உறிஞ்சுகிற பொருளை ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். முட்டை அட்டை ஒட்டுவதும், அரை அங்குல ஃபோம் ஒட்டுவதும் பேஸை ஒன்றும் செய்யாது, மேலே இருக்கிற பளபளப்பை மட்டும் கொன்றுவிடும். பீரோவுக்கு நேராக ஸ்பீக்கரை வைக்காதீர்கள், அதன் தகடு கூடவே பாடும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்றதா என்பது எந்த விமர்சனத்திலும் வராது. ஊஃபரின் விளிம்பில் வளையமாக இருப்பது ரப்பரா ஃபோமா என்று விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் கடற்கரை ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டில் உதிர்ந்துவிடும், பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாற்றிக் கொடுக்க சென்னை ரிச்சி தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வாங்கும்போதே ரப்பர் வளையமாக வாங்கினால் அந்தக் கவலை இல்லை. பெட்டி அழுத்தப் பலகையில் செய்தது என்பதால் தரையில் வைத்து, தினமும் மாப் போடும் ஈரம் பட்டால் அடிப்பக்கம் ஊறி உப்பிவிடும். துளைக்குள் குளவி மண்கூடு கட்டுவதும் நடக்கிறது, மெல்லிய வலைத்துணி போட்டு வைக்கலாம்.

மின்விசிறிச் சத்தத்தைத் தவிர்க்க முடியாது, சித்திரை வைகாசியில் விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அதன் இரைச்சலுக்குக் கீழே இருக்கிற நுணுக்கம் எதுவும் காதுக்கு வரப்போவதில்லை. அதனால் லட்ச ரூபாய் ஸ்பீக்கருக்கும் முப்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை விசிறியே அழித்துவிடுகிறது. முதல் முறை வாங்குபவர் இருபதிலிருந்து நாற்பதாயிரத்துக்குள் ஒரு ஜோடி நல்ல சின்னப் பெட்டி வாங்கி, ஒழுங்காக வைத்துக் கேட்டால், ஆண்டுக்கணக்கில் மாற்றத் தோன்றாது. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்டுடியோ மானிட்டர்களையும் ஒதுக்காதீர்கள், கிட்டத்தில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்தவை அவை, மேசையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. டிவிக்குக் கீழே வைக்கிற சவுண்ட்பார், வசனம் கேட்கச் சரி. பாட்டுக்கு என்று கேட்டால் வேண்டாம்.

இப்போது உங்களிடம் என் வேண்டுகோள். அடுத்த முறை ஸ்பீக்கர் பற்றிப் பக்கம் போடும்போது, விலைக்குப் பக்கத்தில் வாட்டை எடுத்துவிட்டு மூன்று விஷயம் போடுங்கள்: எந்த அளவு அறைக்கு, சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல், காற்றுத் துளை முன்னாலா பின்னாலா. எழுதுபவரை ஒரு பத்துக்குப் பத்து அறையில் உட்கார வைத்து, ஒரு கச்சேரியும் நாலு சினிமாப் பாட்டும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். மார்கழி சீசனுக்கு முன்னால் இப்படி ஒரு பக்கம் வந்தால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள ஆயிரம் வாசகர்கள் இருப்பார்கள். கடைக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். நாலு ஜோடி ஸ்பீக்கரைச் சுவர் முழுக்க அடுக்கி, ஏசி ஹாலில் போட்டுக் காட்டுவதில் வாங்குபவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. கடைக்குள்ளேயே பத்தடிக்குப் பத்தடி ஒரு சாதாரண அறை, டைல்ஸ், கட்டில், மின்விசிறியோடு கட்டி வையுங்கள். அல்லது முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுங்கள். கேட்டுத் திருப்தியானவர் அடுத்த முறை ஆம்ப்ளிஃபையருக்கும் உங்களிடமே வருவார்.

வாங்குபவர்களுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மகோலையும் ஒரு மாதம் பரணில் போட்டு வையுங்கள், பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ போனால் கடையில் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழவந்தாங்கல், சென்னை